கேட்டால் கையைத் தூக்குங்கள்

அடுத்தவர் பேச்சை இன்னொருவர் காதில் போடுவதுதான் என் பிழைப்பு. மண்டபத்தில் மீனவர்களோடு வேலை செய்யும் ஒரு தொண்டு நிறுவனத்தில் மொழிபெயர்ப்பாளராக இருக்கிறேன். கடலைப் பற்றிப் பேச வெளியிலிருந்து வருகிறவர்கள் ஆங்கிலத்தில் பேசுவார்கள். அவர்கள் பேசப் பேச, கூடவே நான் தமிழில் சொல்ல வேண்டும். சொல்லும்போது நாகரிகமான வேலையாகத் தெரியும். பல வருடங்களாக நான் அதைச் செய்த லட்சணத்தைப் பார்த்தால் சிரிப்பு வரும். கடைசி வரிசையில் ஏழெட்டுப் பேரைச் சுற்றி உட்கார வைத்து, நடுவில் நான் குந்திக்கொண்டு காதோடு காதாக முணுமுணுப்பேன். முன்வரிசை திரும்பி முறைக்கும். ஒன்பதாவது ஆளாக வந்தவருக்கு ஒன்றும் கேட்காது. கூட்டம் முடிந்ததும் அவர் என்னிடம் வந்து, "என்னம்மா சொன்னாரு அந்த ஐயா?" என்று கேட்பார். மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பிப்பேன்.

தொண்டை கட்டிக்கொண்டு மூன்று நாள் நான் பேச முடியாமல் போன பிறகுதான் எங்கள் இயக்குநருக்கு மனம் இரங்கியது. நான் மைக்கில் பேசினால் ஒவ்வொருவர் காதிலும் கேட்கும் ஒயர்லெஸ் கருவி வாங்க ஒப்புக்கொண்டார். "நீங்கதானே பேசப்போறீங்க, நீங்களே பாத்துச் சொல்லுங்க" என்றார். மதுரையிலிருந்து ஒரு விற்பனையாளர் மூன்று மாதிரிப் பெட்டிகளை இரண்டு வாரத்துக்கு அனுப்பிவைத்தார்.

எங்கள் கூட்டங்கள் ஏசி ஹாலில் நடப்பதில்லை. மீன் இறங்குதளத்துக்குப் பக்கத்தில் வலை காயப்போடக் கட்டிய தகரக் கொட்டகைதான் எங்கள் அரங்கம். மூன்று பக்கம் திறந்தது. முதல் பெட்டி இன்ஃப்ராரெட். டிவி ரிமோட்டைப் போல ஒளியில் வேலை செய்வது. பேச்சு சுவரைத் தாண்டாது, ரகசியம் காக்கும் என்று அதற்குப் பெருமை. எங்கள் கொட்டகையில் தாண்டுவதற்குச் சுவரே இல்லை. பத்து மணி வெயில் உள்ளே சாய்ந்தவுடன் என் குரல் கரகரத்து நின்றுபோனது. அந்தப் பெட்டியை அப்போதே மூடிவிட்டேன்.

இரண்டாவது எஃப்.எம். விலை குறைவு, பெட்டிக்கடையில் விற்கும் பென்சில் பேட்டரியே போதும். ஆனால் பேச்சுக்கு அடியில் விடாமல் ஓர் இரைச்சல் ஓடியது. மூன்றாவது டிஜிட்டல். பேச்சு சுத்தமாக இருந்தது. சார்ஜ் போட்டால் ஒரு நாள் தாங்கியது. "ரேஞ்ச் நூறு மீட்டர் மேடம்" என்று விற்பனையாளர் போனில் அளந்தார். "எந்த ஊர்க் காத்துல அளந்தீங்க?" என்று கேட்டேன். அவர் சிரித்துச் சமாளித்தார். இந்த ஊர் உப்புக் காற்றில் சார்ஜ் போடும் முனைகள் ஆறு மாதத்தில் பச்சை பூத்துவிடும் என்பது அவருக்குத் தெரியுமா என்ன?

காதில் மாட்டுவதிலும் ஆயிரம் வம்பு. எங்கள் கூட்டத்துக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் கடல்பாசி எடுக்கும் பெண்கள். தலைக்கு மேலே வளைந்து வரும் ஹெட்போனைக் காட்டியதும் ஒருத்தி, "கொண்டையில பூ வச்சிருக்கேன், இத எங்கன மாட்டுறது?" என்றாள். முக்காடு போட்ட ஒரு அக்கா அதைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, முக்காட்டைத் தொட்டுக் காட்டித் திருப்பிக் கொடுத்தார். ஒரு காதில் கொக்கிபோல மாட்டுவதுதான் சரிப்படும் என்று எழுதி வைத்துக்கொண்டேன்.

டிஜிட்டல் பெட்டியின் அடியில், ஒரு பிளாஸ்டிக் பைக்குள், மாலைபோலக் கழுத்தில் போட்டுக்கொள்ளும் ஒயர் வளையம் ஒன்று கிடந்தது. காது மிஷின் வைத்திருப்பவர்களுக்கானது. வளையத்தைக் கேட்பவர் கையில் இருக்கும் ரிசீவரில் சொருகி, காது மிஷினில் 'டி' என்ற இடத்துக்கு மாற்றிக்கொண்டால் மைக்கில் பேசுவது நேராக மிஷினுக்குள் போய்விடுமாம். காற்று, விசிறி, பாத்திரச் சத்தம் எதுவும் குறுக்கே வராதாம். அதைப் படித்ததும் கூட்டம், இயக்குநர், பாசிக்காரப் பெண்கள் எல்லோரும் எனக்கு மறந்துபோனார்கள். எங்கள் வீட்டு அலமாரியில் ஒரு பிஸ்கட் டப்பாவுக்குள் தூங்கும் காது மிஷின்தான் ஞாபகத்துக்கு வந்தது.

என் கணவருடையது அது. பேச்சைவிட இரைச்சல்தான் பெரிதாகக் கேட்கிறது என்று கழற்றி வைத்துவிட்டார். இருபத்தைந்து வருடம் விசைப்படகில் இன்ஜின் ஓட்டியவர். நான் கடலாடிப் பக்கத்துக்காரி, மிளகாய்க் காட்டில் வளர்ந்தவள். ஊர்ப் பேரில் மட்டும் கடலை வைத்துக்கொண்டு, கல்யாணத்துக்குப் பிறகுதான் கடலையே பார்த்தவள் என்று அவர் கேலி செய்வார். பார்த்தது மட்டுமில்லை, கடலோடு பேசவும் கல்யாணத்துக்குப் பிறகுதான் கற்றுக்கொண்டேன். படகு முதலாளியின் வீட்டு மாடியில் ஒரு ஒயர்லெஸ் செட் இருந்தது. படகு கடலுக்குப் போன நாட்களில் சாயங்காலம் நாங்கள் பெண்கள் அங்கே போய் வரிசையாக உட்காருவோம். ஆளுக்கு ஒரு நிமிடம். பட்டனை அமுக்கி, ஒரு மூச்சு விட்டு, பிறகுதான் பேச வேண்டும். இல்லாவிட்டால் முதல் வார்த்தை அறுந்துபோகும். பேசி முடித்து 'ஓவர்' சொல்லிப் பட்டனை விட்டால்தான் அந்தப் பக்கம் பேச முடியும்.

அத்தனை படகும் ஒரே சேனலில் கேட்டுக்கொண்டிருக்கும் என்பதால் யாரும் யாரையும் பேர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. கடலில் இருப்பவர்களுக்குப் படகின் பேர். எங்கள் எல்லோருக்கும் ஒரே பேர், கரை. "கரை, கரை, கேக்குதா? ஓவர்" என்பார். "கேக்குது. ஓவர்" என்பேன். "என்ன கொழம்பு? ஓவர்." "புளிக்கொழம்பு. ஓவர்." அதற்கு மேல் என்ன பேசிவிட முடியும்? கொஞ்சம் குழைந்து பேசினால் மறுநாள் இறங்குதளமே அதைப் பாடிக் காட்டும். அதனால் அவர் ஒரு வழி கண்டுபிடித்திருந்தார். பேசி முடித்த பிறகும் 'ஓவர்' சொல்லாமல், பட்டனையும் விடாமல், சும்மா அமுக்கிக்கொண்டே இருப்பார். இன்ஜின் ஓடும் சத்தம் மட்டும் வரும். நான் கேட்டுக்கொண்டே இருப்பேன். "ஒம் புருசன் இன்ஜினப் பேச விட்டுட்டு எங்கயோ போயிட்டாரு" என்று பக்கத்தில் இருக்கும் பெண்கள் சிரிப்பார்கள். எனக்குத் தெரியும், அந்த நேரம் எனக்கானது.

அந்த இன்ஜின்தான் அவர் காதைத் தின்றது. முதலில் மகளின் குரல் போனது, பிறகு என்னுடையது. மெல்லிய குரல்கள்தான் முதலில் போகும் என்று காது மிஷின் கொடுத்த டாக்டர் சொன்னார். பத்து வருடத்துக்கு முன்பு ஒரு நாள் மேல்தட்டில் ஒருவர் கயிற்றில் கை சிக்கிக் கத்தியது அவருக்குக் கேட்கவில்லை. நல்ல வேளையாக அந்த ஆளின் கை தப்பியது. அன்று கரைக்கு வந்தவர் மறுபடி படகு ஏறவில்லை. இப்போது பாம்பனில் வள்ளம் என்கிற சின்னப் படகுகளின் இன்ஜினைப் பழுது பார்க்கிறார். காது தேவையில்லை, இன்ஜின் மேல் கையை வைத்தாலே கோளாறு இன்னதென்று அவருக்குத் தெரிந்துவிடும்.

வீட்டில் நாங்கள் சண்டை போடுவதில்லை. சண்டை போட்டால்கூட நன்றாக இருக்கும். காது கேட்காதவரோடு குடித்தனம் நடத்துவதில் ஒன்றை நான் தாமதமாகத்தான் புரிந்துகொண்டேன். கத்திச் சொல்லக்கூடிய விஷயங்கள் மட்டும்தான் மிஞ்சுகின்றன. சோறு ஆயிருச்சு, கேஸ் தீந்துருச்சு, மழை வருது, துணிய எடுங்க. மெதுவாகச் சொல்ல வேண்டியவை எல்லாம் எனக்குள்ளேயே தங்கிவிடுகின்றன. மகள் திருப்பூரிலிருந்து போன் பண்ணினால் அவர் மெல்ல எழுந்து முற்றத்துக்குப் போய்விடுவார். கூட்டங்களுக்கும் வருவதில்லை. "எனக்கு என்ன புரியப்போகுது" என்பார். புரியாமல் என்ன? புத்திசாலி மனுசன். கேட்காது என்று சொல்ல வெட்கம். ஊரெல்லாம் காதில் பேசுகிற எனக்கு இந்த ஒரு காதுக்கு வழியில்லாமல் இருந்தது. அந்த ஏக்கத்தை யாரிடம் போய்ச் சொல்ல?

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் டிஜிட்டல் பெட்டியை வீட்டுக்கு எடுத்து வந்தேன். உங்களுக்காக என்று சொன்னால் தொடமாட்டார் என்று தெரியும். ஆபீஸ் வேலை என்றேன். "எவ்வளவு தூரம் எட்டுதுன்னு பாக்கணும். ஆள் வேணும். வாங்க!" என்று கத்தினேன். வேலை என்றால் வந்துவிடுவார். பிஸ்கட் டப்பாவைத் திறந்து, மிஷினுக்குப் புது பேட்டரி போட்டு, அவர் காதில் வைத்து, கழுத்தில் வளையத்தை மாட்டினேன். "என்ன, மாலையெல்லாம் போடுற?" என்றார். கவிழ்த்துப் போட்டிருந்த ஒரு வள்ளத்தின் மேல் அவரை உட்கார வைத்து, கையில் ரிசீவரைக் கொடுத்தேன். "கேக்குற வரைக்கும் கையத் தூக்கியே வச்சிருங்க. கேக்கலன்னா கீழ போட்டுருங்க!" என்று கடைசியாக ஒரு முறை கத்திவிட்டு, மிஷினை 'டி'க்கு மாற்றி, மைக்கை ஊக்குபோலச் சேலையில் குத்திக்கொண்டு கரையோரமாக நடந்தேன்.

ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணிக்கொண்டே போனேன். திரும்பிப் பார்த்தேன். கை மேலே இருந்தது. நாற்பது, ஐம்பது. கை மேலேயே இருந்தது. நான் கத்தவில்லை. பக்கத்தில் படுத்திருப்பவரிடம் சொல்வதுபோல மெதுவாகத்தான் எண்ணினேன். எழுபத்தி மூன்றிலோ நான்கிலோ எண்ணிக்கை எனக்குத் தப்பிப்போனது. அதற்கு மேல் எண்ண முடியவில்லை.

"இங்க பாருங்க" என்றேன். "உங்ககூடப் பேசி எத்தனை வருசமாச்சு தெரியுமா? சோறு வேணுமான்னு கேக்குறதெல்லாம் ஒரு பேச்சா? மக புள்ளத்தாச்சியா இருந்தப்ப ராத்திரியெல்லாம் எனக்குப் பயமா இருந்துச்சு. உங்கள எழுப்பிச் சொல்லணும்னா தெருவே எந்திரிக்கிற மாதிரி கத்தணும். அதான் சொல்லல. நீங்க படகுக்குப் போகாம வீட்ல இருக்கீங்க, நல்லதுதான். ஆனா நீங்க கடல்ல இருந்தப்பதான் எனக்குப் பக்கத்துல இருந்தீங்க. அந்த இன்ஜின் சத்தத்தக்கூட நான் தேடுறேன். உங்களத்தான் தேடுறேன்."

நூறு எட்டுக்கு மேலே போய்விட்டேன். முகபாவம் தெரியவில்லை. கை மட்டும் அசையாமல் மேலேயே நின்றது. கொஞ்ச நேரம் கழித்து அது இறங்கியது. இவ்வளவுதான் தூரம் என்று நினைத்துக்கொண்டேன்.

அவர் கை இறங்கியது வேறு காரணத்துக்கு. ரிசீவரை வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோனார். பக்கவாட்டுப் பட்டனைக் கட்டைவிரலால் அமுக்கினார். ஒரு மூச்சு விட்டார். பிறகு பேச ஆரம்பித்தார்.

அதில் பேச முடியாது. அது கேட்க மட்டுமே ஆன கருவி, மைக்கே கிடையாது. அவர் அமுக்கியது சேனல் மாற்றும் பட்டன். அமுக்கியவுடன் என் குரலும் அவருக்கு நின்றுபோயிருக்கும். ஆனால் படகுச் செட்டில் அப்படித்தான், பட்டனை அமுக்கினால் எதிர்ப் பேச்சு நிற்க வேண்டும். அவர் கணக்கில் எல்லாம் சரியாக நடந்துகொண்டிருந்தது. கடலைப் பார்த்துக்கொண்டு அவர் பேசினார். ஒரு நிமிடமா, இரண்டு நிமிடமா? இந்தப் பத்து வருடத்தில் அவர் அவ்வளவு நேரம் சேர்ந்தாற்போலப் பேசி நான் பார்த்ததில்லை. நடுவில் துண்டால் முகத்தைத் துடைத்தார். மறுபடி பேசினார். நான் மணலில் ஓடினேன். இந்த வயதில், சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, செருப்பு ஒன்று கழன்று கிடக்க ஓடினேன்.

நான் போய்ச் சேர்ந்தபோது அவர் பட்டனிலிருந்து விரலை எடுத்துவிட்டுக் காத்திருந்தார். "பதிலே சொல்ல மாட்டேங்கிற?" என்றார்.

மைக் என் நெஞ்சில்தான் இருந்தது. ஆனால் சேனல் மாறிவிட்டதால் அவருக்கு ஒன்றும் போகாது. காது மிஷினும் 'டி'யில் இருந்தது, வெளிச் சத்தமும் நுழையாது. என் உதடு அவர் கண்ணுக்குத் தெரியும்படி குனிந்து, கையை ஆட்டி, பழையபடி கத்தினேன். "இதுல பேச முடியாது! கேக்க மட்டுந்தான்!"

இரண்டு முறை கத்த வேண்டியிருந்தது. "அப்ப நான் பேசுனது?" என்றார்.

"எங்கயும் போகல."

அவர் அந்தச் சின்னப் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். வளையத்தைக் கழற்றி, சிக்காமல் சுருட்டி, என் கையில் வைத்தார். "நல்லாத்தான் கேக்குது. வாங்கச் சொல்லு" என்று சொல்லிவிட்டு வீட்டைப் பார்த்து நடந்தார்.

எனக்கு என் மேலேயே ஆத்திரம். எந்தக் கூட்டத்திலும் நான் முதலில் சொல்ல வேண்டியது அந்த ஒரு வரியைத்தான், இது கேட்க மட்டும். ஒயர்லெஸ்ஸிலேயே குடித்தனம் நடத்திய மனுசனுக்கு என்ன சொல்லிக் கொடுப்பது என்று விட்டுவிட்டேன். அந்த வாரம் முழுக்க நச்சரித்தேன். சாப்பிடும்போது கேட்டேன், இன்ஜின் கழுவும்போது கேட்டேன். "ஒண்ணுமில்ல" என்பதைத் தவிர வேறு பதில் இல்லை. ஒருமுறை, "அன்னைக்குக் கடக்கரையில என்ன சொன்னீங்க?" என்று நான் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டுப் பெண் சுவருக்கு மேலே எட்டிப் பார்த்தாள். அதோடு நிறுத்திக்கொண்டேன். அது கத்திக் கேட்கக்கூடிய விஷயம் இல்லை.

அறிக்கை எழுதும்போது நான் நேர்மையாக இருந்தேன் என்று சொல்ல மாட்டேன். டிஜிட்டல் வாங்கலாம், காதில் கொக்கிபோல மாட்டுவதாக இருக்கட்டும், கழுத்து வளையம் குறைந்தது ஐந்து வேண்டும் என்று எழுதியது வரை நியாயம். கடைசியில், திருப்பிப் பேசும் வசதி உள்ள ரிசீவராகவே வாங்க வேண்டும் என்று அடம்பிடித்தேன். கூட்டத்தினர் கேள்வி கேட்க வசதி என்று காரணம் எழுதினேன். "கேள்விக்குக் கைமைக் இருக்குல்ல?" என்றார் இயக்குநர். சரியான பேச்சு. கேட்க மட்டும் முடிகிற கருவிதான் வந்தது.

முதல் கூட்டத்திலேயே ஐந்து வளையம் பற்றவில்லை. காது மிஷின் வைத்திருக்கிறார்கள் என்று நான் கனவிலும் நினைக்காத ஆட்கள் சட்டைப் பையிலிருந்து அதை எடுத்து மாட்டினார்கள். எல்லோரும் இன்ஜின்காரர்கள். இத்தனை வருடம் என் கூட்டங்களில் உட்கார்ந்து தலையை ஆட்டிக்கொண்டிருந்தவர்கள். அவர்களைத் தாண்டி, மூன்றாவது வரிசை ஓரத்தில், எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு என் கணவர் உட்கார்ந்திருந்தார். வாங்க என்று நான் கூப்பிடவில்லை. அவராகவே வளையத்தைக் கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டார்.

பின்னால் மேசையில் உட்கார்ந்து மைக்கைத் திறந்தேன். "இதுல கேக்க மட்டுந்தான் முடியும், பேச முடியாது. சைடுல இருக்குற பட்டன அமுக்காதீங்க. கேக்குறவங்க கையத் தூக்குங்க" என்றேன். கைகள் எழுந்தன. அவருடையது கடைசியாக எழுந்தது.

கடலில் போடும் செயற்கைப் பாறைகளைப் பற்றி அதிகாரி ஒன்றரை மணி நேரம் பேசினார். நானும் ஒன்றரை மணி நேரம் அவர் வார்த்தைகளைச் சொன்னேன். என் கணவர் இரண்டு இடத்தில் சிரித்தார். மற்றவர்கள் சிரித்த அதே இடத்தில், அதே நேரத்தில். அதைப் பார்த்ததும் எனக்கு ஒரு வாக்கியம் தவறிப்போனது. சமாளித்துக்கொண்டேன்.

கூட்டம் கலைந்தது. எல்லோரும் ரிசீவரைப் பெட்டியில் போட்டுவிட்டு டீ குடிக்கப் போனார்கள். அவர் மட்டும் எழுந்திருக்கவில்லை. வளையம் கழுத்தில் இருந்தது. என் மைக்கும் அணையாமல் இருந்தது.

"எல்லாரும் போயிட்டாங்க" என்று மெதுவாகச் சொன்னேன். "இப்ப உங்களுக்கு மட்டுந்தான் பேசுறேன். கேக்குதா?"

திரும்பாமலேயே கையைத் தூக்கினார்.

"அன்னைக்கு அவ்வளவு நேரம் பேசுனீங்களே, என்ன சொன்னீங்க?"

கை அப்படியே கொஞ்ச நேரம் நின்றது. பிறகு அவசரமில்லாமல், ஒவ்வொரு அங்குலமாக, கீழே இறங்கி மடியில் அமர்ந்தது. கேட்கவில்லையாம். எனக்கும் அவருக்கும் நடுவில் பன்னிரண்டு நாற்காலிகள்தான் இருந்தன. பக்கத்து நாற்காலியில் அவர் வைத்திருந்த ரிசீவரில் பச்சை விளக்கு பளிச்சென்று எரிந்தது. அவர் தோள் இரண்டும் சிரிப்பில் குலுங்கின. பத்து வருடத்துக்குப் பிறகு அந்த மனுசன் என்னோடு விளையாடினார்.

அந்தப் பதில் எனக்கு இன்னும் வேண்டும். அதைக் கேட்காமல் நான் விடப்போவதில்லை. ஆனால் அன்று மைக்கை அணைக்காமல் சும்மா வைத்திருந்தேன். தகரக் கூரையில் காற்று அடிக்கும் சத்தமும், என் மூச்சும் மட்டும் அவர் காதுக்குப் போய்க்கொண்டிருந்திருக்கும். அவர் வளையத்தைக் கழற்றாமல் கேட்டுக்கொண்டிருந்தார்.